பின்சீட்டுல யாரு உட்கார்ந்தா

ஹலோ... ஹலோ, நான்தான். அக்கா... இது சர்வீஸ்காரரோட போன், அதான் உனக்குத் தெரியலை. என் நம்பரைப் பார்த்தா நீதான் எடுக்க மாட்டேங்கிறியே. நாலு தடவை அடிச்சாச்சு... ஆமா, ஆமா, மீட்டிங். தெரியும். மூணு மணிக்குத்தானே? இப்ப மணி ரெண்டே கால். அதுக்குள்ள என்கூட பத்து நிமிஷம் பேசினா உன் கம்பெனி ஒண்ணும் முழுகிப் போயிடாது.

இல்லை, வீட்டுல எல்லாரும் சுகம்தான். மாமாவுக்கு ஒண்ணுமில்லை... வீட்டு விஷயத்துக்கு உன் ஆபீசுக்கு என்னிக்காவது கூப்பிட்டிருக்கேனா? இது வண்டி விஷயம். உங்க புதுக் கரண்டு வண்டி.

காலைல விலைப்பட்டியல் வந்துச்சுடா... உன் டிபார்ட்மென்ட்தானே அனுப்புச்சு. எந்த மாடல்ல என்ன வைக்கணும், எவ்வளவு போடணும்னு திட்டம் போடுறது நீங்கதானே... சரி, 'இறுதியானது அல்ல'ன்னு மேல எழுதியிருக்கு, பார்த்தேன். மூணு மணிக்கு இறுதியாயிடும்ல? அப்புறம் சீட்டு செய்யறவங்களுக்கு ஆர்டர் போயிடும், ஒரு வருஷத்துக்கு யாராலயும் ஒரு நூலைக்கூட மாத்த முடியாது. போன தடவை ஜன்னல் திரைக்கு நீ பாடின பாட்டுதானே... அதனாலதான் இப்பவே கூப்பிடுறேன்.

விலை ஜாஸ்தின்னு சொல்ல வரலை... கேளு... முதல்ல கேளுடா. நான் ஷோரூம்ல வண்டி விக்கிற தொழில்ல பத்தொன்பது வருஷமா நிக்கிறேன். இவ்வளவு பெரிய வண்டி வாங்க வர்றவங்க யாரும் குறைச்சுக் குடும்மான்னு கெஞ்சுறதில்லை. எதுக்கு இவ்வளவுன்னு கேப்பாங்க. ஒரே கேள்வி. அதுக்கு நான் முகத்தைப் பார்த்து பதில் சொல்லணும். உன் பட்டியலை மூணு தடவை படிச்சேன், பதில் கிடைக்கலை... இல்லை. பிராண்டு மதிப்புங்கிறது பதில் இல்லை. அது நீங்க உங்களுக்குள்ள சொல்லிக்கிறது.

நேராவே சொல்றேன். பெட்டியம்மா வந்திருக்காங்க. முன் ஹால்ல உட்கார்ந்திருக்காங்க, காபி ஆறிக்கிட்டிருக்கு... அட்டைப்பெட்டி ஃபேக்டரி வெச்சிருக்காங்களே, எழுபத்திரண்டு வயசு... அவங்கதான். என்கிட்ட மட்டும் அஞ்சு வண்டி வாங்கியிருக்காங்க. கரண்டு வண்டிக்கு முதல் புக்கிங்கே அவங்களோடதுதான், படத்தைப் பார்த்தே முன்பணம் கட்டினாங்க... ஸ்டைலுக்காக இல்லைடா. காதுல மெஷின் வெச்சிருக்காங்க. பெட்ரோல் வண்டில ஏறினா என்ஜின் சத்தம் அந்த மெஷினுக்குள்ள பூந்து வண்டு மாதிரி குடையுதாம். ஃபேக்டரிக்குப் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். வெளிநாட்டுல இருக்கற மகளோட அந்த நேரத்துலதான் பேச முடியும், ஆனா பாதிப் பேச்சு காதுல விழாது.

இன்னிக்கு டெமோ வண்டில பின்னால ஏத்தினேன். கதவைச் சாத்தினதும் கண்ணை மூடிக்கிட்டாங்க. என் டிரைவர் மூச்சு விடுறதுகூடக் கேக்குதும்மான்னாங்க. எனக்கே என்னவோ மாதிரி ஆயிடுச்சு. வித்தாச்சுன்னுதான் நினைச்சேன்.

தெருமுனை தாண்டலை, நிறுத்தச் சொன்னாங்க. இறங்கி, முன்னால இருந்த என்னை எழுப்பிவிட்டுட்டு, முன்னால டிரைவர் பக்கத்துல உட்கார்ந்துட்டாங்க... சிரிக்காதே. இருபது வருஷமா அவங்களுக்கு ஓட்டுற மனுஷன். முதலாளியம்மா பக்கத்துல வந்து உட்கார்ந்ததும் கியரைத் தேடுறார். இந்த வண்டில கியரே கிடையாதுங்கன்னு நான்தான் பின்னாலேர்ந்து சொன்னேன்... ஆமா, அவங்க முன்னால வந்ததால நான் பின்னால போனேன். அப்பதான்டா எனக்கே தெரிஞ்சுது.

முட்டி ரெண்டும் நெஞ்சுக்கு வருது... மிகையெல்லாம் இல்லை. எல்கேஜி பிள்ளைங்க நாற்காலில பெரியவங்க உட்கார்ந்த மாதிரி. தொடை சீட்டுலயே படலை, மொத்தக் கனமும் இடுப்புல இறங்குது... தெரியும், பேட்டரி தரைக்கு அடியில, அதனால தரை நாலு விரக்கடை மேல வந்துடுச்சு. அப்ப சீட்டையும் தூக்க வேண்டியதுதானே?... தலை கூரையில இடிக்கும். சரி, கூரையை உயர்த்த வேண்டியதுதானே?... ஓ. காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகணும். ஒரு சார்ஜுல இன்னும் கொஞ்ச தூரம் ஓடும்னு விளம்பரத்துல போடணும். புரியுது, நான் ஒண்ணும் மக்கு இல்லை. தரை ஏறுச்சு, கூரை இறங்குச்சு, நடுவுல இருக்கற மனுஷன் என்ன ஆனான்னு உங்கள்ல ஒருத்தர் கேட்டீங்களா?

ஒரு நிமிஷம் இரு... ஏம்மா, அவங்களுக்கு வேற காபி சூடாக் குடு. நான் இதோ வந்துடுறேன்னு சொல்லு. விலைப்பட்டியலைக் காட்டிடாதே, தெய்வமே...

ஆங், சொல்லு... சாயுற சீட்டு இருக்கு. அதான் தெரியுமே. அதுல உட்கார்ந்தா தலையும் இடிக்காது, தொடையும் தாங்கும். ஆனா உசந்த மாடல்ல மட்டும்தானே வெச்சிருக்கீங்க? அதைப் பார்த்துத்தான் வயிறு எரிஞ்சுது. உசந்த மாடல் மூணுல ஒரு பங்கு விலை கூட. அந்தக் காசுக்கு என்ன தர்றீங்க? பதினெட்டு ஸ்பீக்கர், கலர் கலரா விளக்கு, கூரை முழுக்கக் கண்ணாடி. காது மங்கினவங்ககிட்ட பதினெட்டு ஸ்பீக்கரை நான் எந்த வாயால விக்கிறது?... எனக்கு விக்கத் தெரியலைன்னு சொல்றியா? சொல்லு, சொல்லு. காலை நீட்டுறதையும் வானத்தைப் பாக்குறதையும் ஒரே மூட்டையில கட்டினது நீங்க. ஒண்ணு வேணும்னா ரெண்டுக்கும் காசு குடுன்னா என்ன நியாயம்? பழைய பெட்ரோல் மாடலைவிட விலை கூட, இடம் குறைச்சல். இதுக்கு நீங்க வெச்ச பேரு முன்னேற்றம்.

சர்வேயா?... நூத்துக்கு எண்பத்தாறு பேர் 'மிகவும் வசதி'ன்னாங்களா. யாரைக் கேட்டீங்க?... ஓட்டிப் பார்த்தவங்களை. ஓட்டிப் பார்த்தவன் எங்கடா உட்கார்ந்திருப்பான்? எங்க ஷோரூம்ல இந்த வண்டியை வாங்குறவங்க பத்துப் பேருல எட்டுப் பேர் பின்னால உட்காருறவங்க. சாவி எந்தப் பக்கம் திரும்பும்னுகூட அவங்களுக்குத் தெரியாது. சமையல் எப்படி இருக்குன்னு சமைச்சவனையே கேட்டுட்டு வந்திருக்கீங்க.

சரி, விடு. இன்னொண்ணு கேக்குறேன். சோதனைப் பயணம்னு ஒரு பேப்பர், எங்க முதலாளிக்கு ஒரு பிரதி வந்துச்சு. அதுல 'பின்சீட்டு, அரை நாள் பயணம், வசதி போதுமானது'ன்னு போட்டு கீழ உன் கையெழுத்து... உன்னோடதுதான். ரிப்போர்ட் கார்டுல அப்பா கையெழுத்தை நீ போட்டப்பவே கண்டுபிடிச்சவ நான், என்கிட்டயா?

நீ உட்கார்ந்தியா?... நான் கேட்டதுக்கு பதில் சொல்லு. அன்னிக்கு எத்தனை பேர் போனீங்க?... ரெண்டு வண்டி, வண்டிக்கு ரெண்டு பேர். சரி. எல்லாருக்கும் ஓட்டிப் பார்க்க ஆசை. மாத்தி மாத்தி ஓட்டினீங்க. ஓட்டாதவன் பக்கத்துல உட்கார்ந்து தன் முறைக்குக் காத்துக்கிட்டிருந்தான். சரி. அப்ப பின்சீட்டுல யாரு உட்கார்ந்தா?... என்ன?... வாயைத் திறந்து சொல்லு.

பையா?

லேப்டாப் பை... அரை நாள்... ம். அதுக்கு முட்டி இருந்திருந்தா அதுவும் இறங்கி முன்னால வந்திருக்கும்.

நான் கத்தலை. இந்த ஸ்டோர் ரூம்ல சத்தம் எதிரொலிக்குது... தெரியும். உன் பதவி உயர்வு இந்த மாசம் முடிவாகுது, உன் பொண்டாட்டி சொன்னா. இன்னிக்குப் போய் வாயைத் திறந்தா, உட்காராமலே கையெழுத்துப் போட்டவன்னு ஆயிடும். தெரியாமலா பேசுறேன்? கையெழுத்துப் போட்ட நாள்லேர்ந்து இது உன்னையும் தின்னுக்கிட்டுத்தான் இருக்கும், அதனாலதான் என் போனை எடுக்கலை... ஆனா நீ மூணு மணிக்கு வாயை மூடிக்கிட்டிருந்தா, நான் மூணே காலுக்கு வாயைத் திறந்து அந்தம்மாகிட்ட பொய் சொல்லணும். போகப்போகப் பழகிடும்மான்னு சொல்லணும். பத்தொன்பது வருஷத்துல அவங்ககிட்ட ஒரு பொய் சொன்னதில்லை. டயர் சரியில்லைன்னா சரியில்லைன்னு சொன்னவ. அதனாலதான் படத்தைப் பார்த்து பணம் கட்டினாங்க. உன் கம்பெனியை நம்பி இல்லை, என்னை நம்பி.

இப்ப எங்க இருக்க?... ஏழாவது மாடி. வண்டி ஒண்ணு கீழ பார்க்கிங்ல நிக்கும்ல?... எழுந்திரு... இப்பவேதான். மீட்டிங்குக்கு இன்னும் அரை மணி இருக்கு. அக்கா சொல்றேன், போடா.

ஹலோ?... ஹலோ... லிஃப்ட்ல விட்டு விட்டுக் கேக்குது...

ஆங், இப்ப கேக்குது... அந்தக் கதவு இல்லை. பின்கதவு. தானா முன்னால போகுது பாரு காலு... உட்காரு. கதவைச் சாத்து. முன்சீட்டு டிரைவர் உட்காருற அளவுக்குத் தள்ளியிருக்கா?... சரி. ரெண்டு காலையும் தரையில வை. முதுகைச் சாய்ச்சு உட்காரு... பேசாதே. பேசாம இரு. அவங்க ரெண்டு மணி நேரம் இருக்கணும், நீ ரெண்டு நிமிஷம் இரு.

...

என்னடா?... ம்... ம்... தொடைக்குக் கீழ கை போகுதா? அவ்வளவு இடைவெளி... உனக்கு நாற்பத்தொண்ணு வயசு, தினம் ஓடுற. அவங்களுக்கு எழுபத்திரண்டு... சரி, சரி. அழாத குறையாப் பேசாதே. ஒத்துக்கிட்டா போதும்.

யாரு? யாரு கண்ணாடியைத் தட்டுறது?... உங்க பெரிய சாரா? அப்ப போனை வைடா... ஏன் வைக்கலை... என்கிட்ட எதுக்கு அவரை...

வணக்கம் சார். ஆமாங்க சார், அவரோட அக்கா. ஷோரூம்ல விற்பனை பாக்குறேன்... இல்லைங்க சார், அவர் சும்மா உட்காரலை, நான்தான் உட்காரச் சொன்னேன்... ஆமாங்க... ஆமாங்க. எங்க வாடிக்கையாளர் ஒருத்தங்க, பின்சீட்டுல உட்கார முடியலைன்னு... விலையா? எவ்வளவு குறைச்சா ஒத்துக்குவாங்களா?

சார், தப்பா நினைக்காதீங்க. விலையைக் குறைச்சா முட்டி குறையுமா?

... இல்லைங்க சார், அவங்க விலையைப் பத்தி வாயே திறக்கலை. அந்தச் சாயுற சீட்டைக் கீழ் மாடல்ல வெச்சு, அதுக்கு மட்டும் என்ன விலையோ அதைப் போடுங்க, இன்னிக்கே கையெழுத்துப் போடுவாங்க. ஸ்பீக்கரும் கண்ணாடியும் வேணும்கிறவங்க தனியா வாங்கிக்கட்டும்... ஆமாங்க சார், கரண்டு வண்டிதான் வேணும்னு வந்திருக்காங்க. ஆசையோட வந்திருக்காங்க. அவ்வளவு அமைதியான வண்டியை செஞ்சுட்டு அதுல உட்கார விடாம பண்ணிட்டோமேன்னுதான் எனக்கு ஆத்திரம்... பேப்பர்ல வசதி போதுமானதுன்னு இருக்கா... ஆமாங்க, பார்த்தேன்... யாரு கையெழுத்தா?

...

தெரியலைங்க சார். எங்களுக்கு வந்த பிரதி அவ்வளவு தெளிவா இல்லை.

சார்?... ஹலோ?... யாரு பேசுறது அங்க?... டேய், நீயா? பேசாம இருடா, அதான் நான் சொல்லலையே... கேக்குதா?... டேய்...

சொல்லிட்டான். பை வரைக்கும் சொல்லிட்டான்.

...

இருக்கேன் சார். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... ஆமாங்க, தெரிஞ்சேதான் தெரியலைன்னேன். தம்பி சார்... சரிங்க. அவரை என்ன செய்யணும்னு நீங்க பார்த்துக்கோங்க, நான் குறுக்க வரலை. அவர் வாயால சொன்னதைக் கேட்டுட்டேன், எனக்கு அது போதும்... நீங்களா? பின்னாலயா?... பார்த்து சார், தலை.

...

ஆமாங்க சார்... அங்கதான். இடுப்புக்கு மேல, அந்த இடத்துலதான்... ம்... ஆமாங்க... எல்லாரையும் கீழ வரச் சொல்றீங்களா? மீட்டிங்கே அங்கயா?... ஒவ்வொருத்தரா, பத்து பத்து நிமிஷம். சரிங்க சார். அப்ப பட்டியல்?... நின்னுடுச்சா. இன்னிக்கு மட்டுமா, இல்லை... சரிங்க, உட்கார்ந்து பார்த்துட்டுச் சொல்லுங்க. சத்தியமா நீங்க உட்கார்ந்து பார்த்துட்டுச் சொன்னா போதும்.

யாரு, அவங்களா? இருக்காங்க, ஆனா எழுந்து நின்னுட்டாங்க சார், கதவு வழியா தெரியுது. டிரைவரைக் கூப்பிடுறாங்க... இருங்க, இருங்க, போறேன். நடந்துக்கிட்டே பேசுறேன். கட் பண்ணிடாதீங்க... கொஞ்சம் வழி விடுப்பா...

அம்மா. ஒரு நிமிஷம்மா. கம்பெனிலேர்ந்து பேசுறாங்க, பெரியவர்... இல்லைம்மா, விலையைப் பத்தி இல்லை.

உங்க முழங்கால்லேர்ந்து பாதம் வரைக்கும் எவ்வளவு நீளம்னு கேக்குறார்.