கூரைக்குப் படம்

அறுபதுகளில் நான் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் பாசஞ்சர் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை எதிர்ப் பலகையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவளின் மடியில் பழைய காலண்டர் படங்களின் கட்டு ஒன்று இருந்தது.

"இவ்ளோ படமா? செவுத்துல எடம் இருக்குதாடி?" என்று மூத்தவள் கேட்டாள்.

"செவுத்துக்கு இல்லக்கா. கூரையில ஒட்டப்போறேன்."

"கூரையிலயா? யாரு அண்ணாந்து பாக்கறது?"

"எம் பொண்ணு செல்விதான். காச்சல்ல காலு விழுந்ததுல இருந்து மல்லாந்தே கெடக்குது. வெறும் ஓட்டுக் கூரையையே எத்தினி நாளைக்கி பாத்துக்கினு இருக்கும்? அவரு பழைய வேட்டிய ஓட்டுக்குக் கீழ இழுத்துக் கட்டி, பசை காச்சி, மயிலு, யானைன்னு நாலு படம் ஒட்டினேன். மூணு மாசமா வாயே தெறக்காத பொண்ணு, 'யம்மா, அந்த யானைக்கி என்னா பேரு'ன்னு கேட்டுச்சி."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பறம் ஒரு கிளிப் படத்த வேணும்னே வலது ஓரமா ஒட்டினேன்க்கா. திரும்பிப் படுத்தாத்தான் தெரியும். 'நடுவுல ஒட்டும்மா'ன்னு ரெண்டு நாளு அழுதுச்சி. நானும் அழுதேன். ஆனா மாத்தல."

"அய்யோ, அப்பறம்?"

"நேத்து அடுப்பாண்ட இருந்து வந்து பாக்கறேன், தானா ஒருக்களிச்சிப் படுத்துக்கினு கிளியப் பாத்துக்கினு இருக்குது."

வண்டி திண்டிவனத்தில் நின்றது. எழுந்தபடியே அவள் சொன்னாள்:

"இதையெல்லாம் எடது ஓரத்துல ஒட்டணும்க்கா."