நெஞ்சுப் படம்

— வண்டியப் பூட்டிக்கிட்டு சோலைமுத்து வாசல்ல நிக்கிறான். நீங்க இன்னும் சேர்லயே சாஞ்சு கெடந்தா எப்பிடிங்க? மெட்ராஸ் ரயிலு நமக்காகக் காத்துக் கெடக்குமா?

— நான் வரல, சைனம்பு. அவனத் திரும்பிப் போகச் சொல்லு.

— எக்ஸ்ரே எடுக்குற அருள்நாதன் காலையில வந்து சொன்னத கதவுக்குப் பின்னால நின்னு நானே கேட்டேன். நைனா முகமதுன்னு ஒங்க பேரு போட்ட நெஞ்சுப் படத்துல நெல்லிக்காய்த்தண்டி நெழல் தெரியுதாம். புத்துநோயா இருக்கும்னு பெரிய டாக்டரு சந்தேகப்படுறாராம். இன்னும் பரவல, இப்பவே அறுத்து எடுத்துட்டா ஆளு பொழச்சுக்கிருவாருன்னாரு. வலி கண்டப்பறம் வர்றவுகளத்தேன் காப்பாத்த முடியலையாம்.

— தெரியும். வெள்ளிக்கிழமையே நம்ம தோல்ஷாப்புக்கு வந்து எங்கிட்டச் சொல்லிட்டாரு.

— வெள்ளிக்கிழமையா? ஜும்மா முடிஞ்சு வந்து, வெஞ்சனம் நல்லாருக்குன்னு ரெண்டாந்தரம் கேட்டுச் சாப்பிட்டீகளே. ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?

— எப்பிடிச் சொல்ல.

— நம்ம மக கமர்ஜஹான் நிக்காஹ் நின்னுபோகும்னு பயமா? வத்தலக்குண்டு சம்பந்தக்காரக முறிச்சா முறிக்கட்டும். அத்தா இல்லாத பிள்ளையா அவ நிக்கணுமா?

— மெதுவாப் பேசு. அவன் காதுல விழுகப் போகுது.

— சோலைமுத்து நமக்கு அன்னியனா? விழட்டும்.

— அந்தப் படம் என்னோடது இல்ல, சைனம்பு.

— என்ன சொல்றீக?

— காசநோய் பாக்க ஷாப்புக்கு வந்த சர்க்கார் எக்ஸ்ரே வண்டி அது. ஷாப்பு ஆளுக எல்லாரும் எடுத்து முடிச்சுப் போனாக. கடைசியா என் பேரக் கூப்பிட்டாக. நான் போகல. மழை விட்டதுலருந்தே இருமல். நீ தூங்குனப்பறம் கொல்லையில போயி இருமிட்டு வாரேன்.

— தெரியும். சுருட்டுக் காரல்னு நெனச்சேன்.

— படத்துல எதாச்சும் தெரிஞ்சு ஊருக்குள்ள பேச்சாயிட்டா கமரு கதி என்னாகும்? வெளி வண்டிக்காரங்களுக்குப் படம் கெடையாது. இவன் தோலு எறக்கிக்கிட்டு நின்னான். எம் பேரச் சொல்லி நீ போயி நில்லுடான்னேன்.

— சோலைமுத்தயா?

— ஆமா.

— அப்ப அந்த நெழலு...

— அவனோடது.

— யா அல்லா. அது தெரிஞ்சுமா அவன் வண்டியில ஏறிப் போயிட்டு வந்தீக?

— நேத்து நத்தத்துக்குப் போறப்ப சொல்லிறலாம்னு வாயத் தொறந்தேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன் மொதலாளின்னு எறங்கிப் போனான். திரும்பி வந்தான். நான் தோலு வெலையப் பத்திப் பேசுனேன்.

— இப்பக் கூப்பிடுறேன். சொல்லிருங்க.

— செத்த நேரம் பொறு.

— அவனுக்குத்தேன் நேரமில்ல. சோலைமுத்து, உள்ள வாப்பா.

— இந்தா வந்துட்டேம்மா. பெட்டிய எடுத்து வைக்கவா?

— பெட்டி இருக்கட்டும். அவுக ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

— சொல்லுங்க மொதலாளி. ஏன் மொகத்தப் பாக்க மாட்டேங்கிறீக?

— எம் பேருக்கு நீ போயி நின்னயே, சோலைமுத்து. அந்தப் படத்துல கட்டி தெரியுது. நெஞ்சுக்குள்ள.

— ஒங்களுக்குத்தேன் சொகமில்லன்னு, வண்டி பூட்டச் சொன்னதுமே எம் பொண்டாட்டி அய்யம்மா கோட்டை மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டா. எனக்கா?

— ஒனக்குத்தேன்.

— எனக்கு இருமலே இல்லையே. கட்டுக் கட்டாத் தோலு தூக்குறேன். திங்கிறேன், ஒறங்குறேன்.

— அதேன் நல்லதுங்குறாரு டாக்டரு. ஒடம்பு காட்டுறதுக்கு முந்தியே கண்டாச்சு. இப்பவே போனா பொழச்சுக்கலாம்.

— எப்பத் தெரியும் ஒங்களுக்கு?

— வெள்ளிக்கிழமை.

— நேத்து அம்புட்டுத் தூரம் எம் பக்கத்துல உக்காந்து வந்தீகளே.

— என்னய என்ன வேணும்னாலும் பேசிரு, சோலைமுத்து.

— ஒங்களப் பேசி என்னாகப் போகுது. சட்டையக் கழத்து, மூச்சப் பிடின்னாக. ஒங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டப்ப எனக்குச் சிரிப்பா வந்துச்சு. மொதலாளி ஒரு வேலை சொன்னாரு, செஞ்சேன். இது இப்பிடி வந்து நிக்கும்னு யாரு கண்டா.

— அய்யம்மாளையும் கூட்டிக்கிட்டு நீ ரயிலு ஏறு. வைத்தியச் செலவு மொத்தமும் என் பொறுப்பு.

— நான் ஏறுறேன். நீங்களும் ஏறுங்க.

— நான் எதுக்குடா? படத்துல இருக்குறது நீதேன்.

— அதேன் சொல்றேன். நத்தம் போயித் திரும்புற வரைக்கும் இருமுனது நீங்க. என் நெஞ்சப் பாத்தாச்சு மொதலாளி. ஒங்க நெஞ்ச இன்னும் ஒருத்தரும் பாக்கலையே.