ஓரின் பெல்கியின் சிபாரிசுக் கடிதம்

— நான் இந்தக் காலேஜ் சமையலறைக்கு வந்த முதல் வாரம் ஞாபகம் இருக்கா, ஓரின்? இதே பின்வாசல்ல, இதே வேனை நிறுத்திட்டு என்ன சொன்னீங்க?

— நான் எங்க சொன்னேன், செஃப்? நீங்கதான் பெட்டியைத் திறந்து பார்த்துட்டு, "என்ன மிஸ்டர் பெல்கி, உங்க கேரட்டெல்லாம் கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கு"ன்னீங்க.

— அதுக்கு நீங்க, "எங்க வெர்மான்ட் மண்ணுல கல்லு ஜாஸ்தி மேடம், வளைஞ்சு குடுத்துதான் வளரணும்"னீங்க. ஒண்ணை ஒடிச்சு வாயில போட்டேன். அவ்வளவுதான், மாட்டிக்கிட்டேன்.

— கொள்முதல் ஃபாரத்துல "ஆறு அங்குலம், நேரானது"ன்னு இருந்துது. அதை அடிச்சுட்டு வெறும் "கேரட்"னு எழுதினீங்க பாருங்க...

— திட்டு வாங்கினேன் சாமி அதுக்கு! ஒரு வாரம் லாரியில வர்ற கலிஃபோர்னியா கேரட் நேரா இருக்கு, மூணு மைல்ல விளையுறது ஏன் கோணலா இருக்குன்னு கமிட்டியில கேட்டாங்க. துருவினா எல்லாம் ஒண்ணுதான்னேன்.

— இப்ப அதே கமிட்டி, பாதிச் சாப்பாடு சுத்துவட்டாரத்துலதான் வாங்கணும்னு தீர்மானம் போட்டிருக்கு. பதினெட்டுப் பண்ணை இப்ப உங்களுக்கு விக்குது, செஃப். பக்கத்து நிலத்து ஹோப், மாட்டையெல்லாம் வித்துட்டுக் கிளம்புறேன்னு நின்னவ. இன்னைக்கு உங்க காலேஜ் பசங்க குடிக்கிறது அவ கறக்குற பால்.

— என்னை மட்டும் தூக்கி வெக்காதீங்க. ஜூலையில தக்காளி காய்ச்சுக் கொட்டும்போது கோடை லீவு, இங்க ஒரு பிள்ளை கிடையாது. அதுங்க திரும்பி வர்றப்ப பழுக்கட்டும்னு தள்ளி நாத்து விட்டது யாரு? ஊரே சிரிச்சுதே!

— இன்னமும் சிரிக்கிறாங்க. காலேஜ் காலண்டரைக் கொட்டகையில மாட்டி வெச்ச விவசாயி நான் ஒருத்தன்தானே.

— மாட்டி என்ன பிரயோஜனம்? அக்டோபர்ல நாலு நாள் லீவுன்னுகூடப் பார்க்காம எண்ணூறு பவுண்டு பரங்கிக்காயோட வந்து நின்னீங்க!

— அது வந்து, செஃப்... அது பழைய வருஷத்துக் காலண்டர்.

— ஐயோ சாமி! இத்தனை நாள் இதை மறைச்சீங்களா? காலேஜே காலி, நீங்களும் நானும் மட்டும் நாலு நாள் உக்காந்து தோல் சீவினோம். ஒரு வாரத்துக்கு என் கையெல்லாம் மஞ்சள்.

— அந்த மாதிரி நாலு நாள் எனக்கு அப்புறம் வரவே இல்லை.

— என்னது?

— பரங்கி வீணாகலைன்னு சொல்ல வந்தேன். பனிக்காலம் பூரா சூப்பு வெச்சீங்களே. அப்பத்தான் பசங்க, பிப்ரவரியில சாலட்டுக்குத் தக்காளி எங்கன்னு சண்டைக்கு வந்தாங்க. வேற யாரா இருந்தாலும் ரெண்டு பெட்டி வரவழைச்சுக் குடுத்து வாயை மூடியிருப்பாங்க. நீங்க நாப்பது பேரை பஸ்ல ஏத்தி என் பண்ணைக்குக் கொண்டு வந்துட்டீங்க.

— பனிக்காலத்துக்குன்னு நிலவறையில மணலுக்குள்ள புதைச்ச கேரட்டைக் கையால தோண்டித் தின்னுச்சுங்களே! ஒரு பய மூணு முழுசாத் தின்னான்.

— போன வாரம் பெட்ரோல் போடுற இடத்துல ஒரு பொண்ணு என்னையே பார்த்துட்டு, "நீங்கதானே அந்தக் கேரட்?"ங்கறா.

— பரிமாறுற மேடையில உங்க பேரும் படமும் வெச்சிருக்கேனே, வேற என்ன கேப்பா? சரி, பேச்சை மாத்தினது போதும். கடிதம் எங்க? பாஸ்டன்ல அந்தப் பெரிய யுனிவர்சிட்டி சமையலறைக்காரங்க நாளைக்குள்ள வேணும்ங்கறாங்க. என்கிட்ட காய் வித்தவர் ஒருத்தர் என்னைப் பத்தி எழுதித் தந்தாத்தான் அந்த வேலை.

— இந்தாங்க. கையெழுத்தும் கோணல்தான்.

— "ஐயா, ஆறு வருடமாக கோலெட் புஷார்டின் சமையலறைக்குக் காய்கறி கொண்டுவருகிறேன். ஆலங்கட்டி மழையில் என் கீரையெல்லாம் கிழிந்த வருடம், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிழிந்த கீரையை வைத்து என்ன சமைக்கலாம் என்று யோசித்தார். அவர் வந்த பிறகு எங்கள் பக்கம் ஒரு பண்ணைகூட மூடவில்லை. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதில்லை. இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆகையால்"... என்ன ஓரின், முற்றுப்புள்ளிகூட இல்லாம நிக்குது?

— அதுக்கு மேல ஓடலை.

— ஆகையால் என்ன? "இவளை எடுக்காதீங்க"ன்னா?

— அப்படித்தான் முதல்ல எழுதினேன். கிழிச்சுப் போட்டுட்டேன். தப்பு, செஃப். அங்க முப்பதாயிரம் பசங்க சாப்பிடுறாங்க. அந்தப் பக்கமும் எத்தனை ஹோப் மாட்டை விக்கப் போறேன்னு நிக்கிறாளோ! நீங்க போகத்தான் வேணும்.

— அப்ப நான் போறது உங்களுக்கு ஒண்ணுமே இல்லை?

— இருக்கு.

— என்ன இருக்கு? ஒவ்வொரு செவ்வாயும் பெட்டியை இறக்கிட்டு, ஏதோ கேக்க வந்த மாதிரி தொப்பியைத் திருகிட்டு நிக்கிறீங்க. நானும் அடுப்புல சூப்பு அடி பிடிக்க விட்டுட்டு எதிர்ல நிக்கிறேன். அப்புறம் "வர்றேன் செஃப்"னு வேன்ல ஏறிடுவீங்க. இன்னைக்கும் ஏறப் போறீங்களா?

— பேனாவைக் குடுங்க. "ஆகையால், அந்த வேலையை அவருக்கே கொடுங்கள்." முற்றுப்புள்ளி. இது பாஸ்டனுக்கு.

— எனக்கு?

— மூணு மணி நேர ரோடு எனக்கு ஒரு தூரமே இல்லை, கோலெட். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?