உதிராத கேக்

“இன்னாமே ஊத்தினே இதுல?”

“எசென்ஸு. துண்ணுட்டுப் பேசு.”

“எசென்ஸு தொண்டையில இப்டி எரியாது அடைக்கலம். இந்த வால்டராண்டயே கத வுடுறியே, எனக்குத் தெரி—”

“போன வருசம் மண்ணு மாதிரி உதிருதுன்னு மூஞ்சத் தூக்கினது யாரு? இப்போ உதிரல. அதுக்கும் ஒரு கேள்வியா?”

என் கணவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு இரண்டாவது துண்டை எடுத்தார்.

பழ கேக் உதிர்வது பெரிய விஷயமில்லை. பழத்தை ஊறவைக்காமல் போட்டால் அது மாவிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். ஆறும் முன் கத்தி வைத்தாலும் உதிரும். மேலே வெடிப்பது வேறு. ஓவனில் சூடு அதிகமானால் மேல்பக்கம் முதலில் இறுகிவிடுகிறது. உள்ளே மாவு இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. வழியில்லாமல் பிளந்துகொண்டு வருகிறது. சூட்டைக் குறைத்து, ஒரு கிண்ணம் தண்ணீரும் உள்ளே வைத்தால் போதும். வெந்ததைக் குச்சியால் குத்தி, தினமும் ஒரு கரண்டி ரம் விட்டு, துணியில் சுற்றி வைத்தால் துண்டு துண்டாக அழகாக வரும். ராயபுரத்தில் எங்கள் கோயில் தெரு முழுக்க இப்படித்தான். எங்கள் வீட்டில் மட்டும் ஆரஞ்சுச் சாறு.

வால்டர் குடியை விட்டிருந்தார். ஈரல் கெட்டுவிட்டது, இனி தொட்டால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

விட்டது ஈரலுக்காக அல்ல, எங்கள் மகள் ரேச்சலுக்காக. கொருக்குப்பேட்டை அன்பரசனைக் கட்டிக்கொள்கிறேன் என்று பெட்டியோடு கிளம்பிய சாயங்காலம், அவள் எங்கள் மாடிப்படியில் விழுந்து செத்தாள். மழையில் வழுக்கிவிட்டது என்று ஊர் அழுதது. மறுநாள் காலையில் போதை தெளியாமல் தள்ளாடிக்கொண்டு வந்து நின்ற வால்டரிடம் நான் மெதுவாகச் சொன்னேன்.

“நீதான் தள்ளிட்டு ஓடினே. யாராண்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.”

அன்றோடு நிறுத்தினார். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து, அவள் விழுந்த படியைப் பினாயில் ஊற்றித் தேய்ப்பார். “மன்னிச்சிக்கமா” என்று படியோடு பேசுவார். அவரை மன்னித்தவள் நான் என்பதில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது. நாங்கள் ஒழுங்காகத்தான் வாழ்ந்தோம்.

இந்த முறை கிறிஸ்துமஸ் மாதம் பிறந்ததும், கல்மண்டபத்தில் படகுக்கார வெள்ளத்துரையைப் பார்த்துவிட்டு வந்தார்.

“ரேச்சலு போன அன்னிக்குப் பெஞ்ச மழைப் பேச்சு வந்திச்சு. அன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து நான் அவன் போட்டுலதான் வுழுந்து கெடந்தேனாம். விடிஞ்சப்புறம்தான் எழுப்பி வுட்டானாம்.”

“ஒரு குடிகாரன் பேச்ச இன்னொரு குடிகாரன் நம்புறதா?”

“நாந்தான் இப்போ குடிக்கலியே அடைக்கலம்.”

தெளிந்த மனிதர் யோசிப்பார். ஒரு நாள் யோசித்து முடிப்பார். எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் இல்லை. மறுநாள் ஒரு பாட்டில் ரம் வாங்கி வந்து கேக்குக்கு ஊற்றத் தொடங்கினேன். உதிரக் கூடாதே என்றுதான்.

இரண்டு துண்டு தின்ற அன்று அவர் அழுதார். அடுத்த நாள் அவராகவே வெட்டிக்கொண்டார். புது வருடம் பிறந்தபோது கேக் தேவைப்படவில்லை. கடைக்கு அவரே போனார். படி கழுவுவது நின்றது. யோசிப்பதும் நின்றது. நன்றாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்தை அவருக்குக் கொடுத்தது நான்தான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வருமுன் ரத்த வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

இப்போது ஞாயிறுகளில் நான்தான் கழுவுகிறேன். வெயில் காய்ந்தாலும் அந்தப் படி மட்டும் ஈரமாகவே இருக்கிறது. பக்கத்து வீட்டு ராமசெல்வி தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ந்துதானே இருக்கிறது என்கிறாள்.

அந்த மழை நாளில் நடந்தது இவ்வளவுதான். பெட்டியைப் பிடித்து இழுத்தேன். ரேச்சல் விடவில்லை. அதனால் நான் விட்டேன். விட்ட கையால் கொஞ்சம் தள்ளவும் செய்தேன். அவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான்.

ஆஸ்பத்திரியில் குடியில்லாமல் கிடந்ததில் அவருக்கு மறுபடி தெளிந்துவிட்டது. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கோபமே இல்லாமல், என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“நான் தள்ளலன்னா, அன்னிக்கு வூட்ல வேற யாரு இருந்தா அடைக்கலம்?”