அருவியில் குளித்த மீன்கள்

வேதா: மீனைக் குளிப்பாட்டினீங்களா?

சுந்தரபாண்டியன்: ஆமாம்மா.

வேதா: அண்ணாச்சி... மீனை?

சுந்தரபாண்டியன்: போன வருசம், எண்பத்தி மூணுல, சாரலே இல்ல. இந்த வருசம் கொட்டுது. இவ்வளவு தூரம் வந்ததைக் குளிக்காமத் திருப்பி அனுப்பினா, இந்த லாட்ஜுக்கு மேனேஜர்னு நான் எதுக்கு இருக்கேன்?

வேதா: அது நாள் பூரா தண்ணியிலதானே இருக்கு!

சுந்தரபாண்டியன்: அது மதுரைத் தண்ணியில்லா? பஸ்ஸுல குலுங்கி வாடை அடிச்சுட்டு. எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கி. பாத்துக்கிட்டு இருக்க மனசு கேக்கல.

வேதா: எங்க கொண்டு போனீங்க?

சுந்தரபாண்டியன்: சிற்றருவிக்கு. மெயினருவியில கூட்டம். எண்ணெய் தேய்க்கலம்மா. அது தெரியும் எனக்கு.

வேதா: ரெண்டு ஜாடியையும் தூக்கிண்டா போனீங்க?

சுந்தரபாண்டியன்: கண்ணாடியைத் தூக்கிக்கிட்டுப் பாறையில ஏறவா? ஒரே வாளியில ஊத்தி, துண்டால வாயைக் கட்டி...

வேதா: ஒரே வாளியிலயா?

சுந்தரபாண்டியன்: பெரிய வாளிம்மா. நெருக்கடி இல்ல.

வேதா: அண்ணாச்சி, சிவப்பு மூடி ஜாடியில இருந்தது படிச்ச மீன். நீல மூடியில இருந்தது படிக்காத மீன்.

சுந்தரபாண்டியன்: மீனு படிக்குமா?

வேதா: மூணு மாசம் பழக்கினேன். விளக்கு எரிஞ்சா, கொஞ்ச நேரத்துல தண்ணியில லேசா கரண்டு வரும். படிச்ச மீன் விளக்கைப் பார்த்ததுமே தொட்டியோட அந்தப் பக்கம் ஓடிடும். படிக்காதது நின்ன இடத்துலயே நிக்கும்.

சுந்தரபாண்டியன்: மேல ஹால்ல அத்தனை பேரு கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கது இதுக்கா?

வேதா: இதுக்குத்தான். கத்துக்கிட்ட பயம் மூளையில எங்க போய் உக்காருதுன்னு பார்க்க. வெளிநாட்டுல இப்பத்தான் இந்த வரிமீனைக் கையில எடுத்திருக்காங்க.

சுந்தரபாண்டியன்: நான் ஏதோ டாக்டர்மாரு டூர்னு நெனைச்சு, ஆளுக்கு ஒரு சீயக்காய்ப் பொட்டலம் வச்சிருக்கேன்.

வேதா: பெங்களூர்லேர்ந்து மூளை விஞ்ஞானி அனந்தநாராயணன் வந்திருக்கார். இன்னிக்கு என் மீன் ஓடினா, எனக்கு இன்னும் மூணு வருஷம் ஆராய்ச்சி. ஓடலேன்னா, திங்கக்கிழமை செங்கோட்டைப் பள்ளிக்கூடத்துல ஏழாம் கிளாஸுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கணும்.

சுந்தரபாண்டியன்: அம்மா, அந்த வாளி விஷயமா ஒண்ணு சொல்லணும்...

வேதா: அப்புறம் சொல்லுங்க. இதுல எது படிச்சது, எது படிக்காததுன்னு எப்படிப் பிரிக்கப் போறேன்!

சுந்தரபாண்டியன்: மொகத்தைப் பாத்தா தெரியாதோ?

வேதா: எல்லாத்துக்கும் ஒரே மொகம். ஒரே வரி.

சுந்தரபாண்டியன்: மேல உக்காந்திருக்கவங்களும் எனக்கு அப்படித்தான் தெரியுதாங்க.

வேதா: ஆபீஸ் மேஜை விளக்கை எடுத்துட்டு வாங்க.

சுந்தரபாண்டியன்: எதுக்கு?

வேதா: ஒண்ணொண்ணாத் தொட்டியில விடுவோம். விளக்கைப் போடுவோம். ஓடினா சிவப்பு. நின்னா நீலம்.

சுந்தரபாண்டியன்: அதெல்லாம் ஓடும்னு எனக்குத் தோணல...

வேதா: வாயைக் கழுவுங்க. விளக்கு எங்க?

சுந்தரபாண்டியன்: இந்தா. போட்டுட்டேன்... அடடே, ஓடுதே!

வேதா: சிவப்பு.

சுந்தரபாண்டியன்: நெசமாவே ஓடுதும்மா!

வேதா: பின்ன? பழக்கினது நானாக்கும். அடுத்தது.

சுந்தரபாண்டியன்: இது நிக்கி.

வேதா: நீலம்.

சுந்தரபாண்டியன்: இது சுத்திச் சுத்தி வருதே?

வேதா: ... நீலம்.

சுந்தரபாண்டியன்: ஓடுது. இதுவும் ஓடுது. ஆத்தீ, இதுவும்!

வேதா: சிவப்புல இருக்கவேண்டியதுக்கு மேல ரெண்டு ஓடுதே...

சுந்தரபாண்டியன்: கூடப் பொறந்ததைப் பாத்துப் படிச்சிருக்கும்.

வேதா: அந்த ரெண்டும் வாளியிலயே இருக்கட்டும். மூடி வைங்க. யாரும் கேட்கமாட்டா.

சுந்தரபாண்டியன்: அம்மா, நான் சொல்ல வந்தது...

வேதா: என் பேரைக் கூப்பிடறா, அண்ணாச்சி! ஜாடியைத் தூக்குங்க. சிவப்பு எது, நீலம் எதுன்னு மறந்துடாதீங்க!

*

ராமசேஷன்: இங்க கிணத்தடியில வந்து ஏன் நிக்கறே வேதா? மேல எல்லாரும் உன்னைத்தான் தேடறா. இத்தனை வருஷமா கைடா இருக்கேன், என் ஸ்டூடண்ட் ஒருத்திக்கு இப்படிக் கைதட்டிக் கேட்டதே இல்லே.

வேதா: சார்...

ராமசேஷன்: சிவப்பு ஜாடியில ஒண்ணுகூட நிக்கலே. நீல ஜாடியில ஒண்ணுகூட ஓடலே. இவ்வளவு சுத்தமான ரிசல்ட்டைப் பார்த்ததே இல்லேங்கறார் அனந்தநாராயணன்.

வேதா: பார்த்திருக்க முடியாது சார்.

ராமசேஷன்: என்ன அடக்கம்! உனக்கு மூணு வருஷம் உறுதியாயாச்சு. ரெண்டு ஜாடி மீனையும் அவரே பெங்களூருக்கு எடுத்துண்டு போறார். மூளையை மெல்லிசா சீவி, படிச்சதுக்கும் படிக்காததுக்கும் உள்ள என்ன வித்தியாசம்னு மைக்ராஸ்கோப்புல பார்க்கப் போறார். வேன் வாசல்ல நிக்கறது.

வேதா: சார், வேன் கிளம்பறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாகணும்.

ராமசேஷன்: சொல்லேன்.

வேதா: காலைல ரெண்டு ஜாடி மீனும் கலந்துபோச்சு.

ராமசேஷன்: எப்படி?

வேதா: குளிக்கப் போயிருந்தது.

ராமசேஷன்: யாரு?

வேதா: மீன்.

ராமசேஷன்: மீனா?

வேதா: நான் விளக்கைப் போட்டுப் பிரிச்சேன். ஓடினதைச் சிவப்புல போட்டேன், நின்னதை நீலத்துல போட்டேன். அதையே மேல கொண்டுவந்து, பாருங்கோ, சிவப்பு ஓடறது, நீலம் நிக்கறதுன்னு காட்டினேன்.

ராமசேஷன்: விடையைப் பார்த்துட்டுக் கேள்வி எழுதியிருக்கே.

வேதா: ஆமாம் சார். தப்பு. மேல வந்து எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். செங்கோட்டைக்கே போறேன்.

ராமசேஷன்: இரு, இரு. அவசரப்படாதே. யோசிக்கவிடு... நீ காட்டினது செல்லாது. அது சரி. ஆனா, மீன் கத்துண்டது நிஜந்தானே?

வேதா: அது நிஜம் சார். மூணு மாசம் ஒரு நாள் விடாம நானே பழக்கினேன்.

ராமசேஷன்: அப்போ இன்னும் வழி இருக்கு. அனந்தநாராயணன்கிட்ட நானே சொல்றேன். ஜாடி கலந்துபோச்சு, மூடி நிறத்தை நம்பவேண்டாம், மூளையைப் பார்த்து நீங்களே பிரிச்சுக்கோங்கோன்னு. படிச்சதோட மூளையில படிப்பு இருக்கும். அதை அருவி அடிச்சுண்டு போயிடுமா?

வேதா: போகாது சார்.

ராமசேஷன்: மேனேஜர், நல்லவேளை நீர் வந்தீர். அந்த ரெண்டு ஜாடியையும் பதனமா வேன்ல ஏத்தும். என்னய்யா, அங்கேயே நின்னுட்டீர்?

சுந்தரபாண்டியன்: சார்... மூளையை அறுத்தா, படிச்சது தெரிஞ்சிருமா?

ராமசேஷன்: அனந்தநாராயணன் கண்ணுக்குத் தப்பாது.

சுந்தரபாண்டியன்: படிக்கவே படிக்காததுன்னாலும்?

ராமசேஷன்: அதுவும் தெரியும்.

வேதா: அண்ணாச்சி... காலைலேர்ந்து என்னமோ சொல்ல வந்துண்டே இருந்தீங்களே...

சுந்தரபாண்டியன்: வேனை நிப்பாட்டச் சொல்லுங்கம்மா. அருவி விழுந்த வேகத்துல வாளியில கட்டின துண்டு அவுந்து போயிட்டு. படிச்ச மீனும் போச்சு, படிக்காத மீனும் போச்சு. அந்த ஜாடியில கெடக்குதது அத்தனையும், கீழ சித்தாத்துல எறங்கி, என் வேட்டியை விரிச்சு, அதே வரி உள்ளதாப் பாத்து நான் புடிச்சது.