நாற்பதாவது பித்தப்பை

வாக்குமூலத்துக்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் நாற்காலி அருமை. முப்பது வருஷம் நின்றுகொண்டே ஆபரேஷன் செய்தவனுக்கு உட்கார்ந்து பேசுவதே பெரிய சுகம்.

எங்கள் காலத்தில் வீடு என்பது துணி மாற்றப் போகும் இடம். இப்போது பயிற்சி டாக்டர்களுக்கு வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம்தான் வேலை. நல்ல சட்டம்தான். ஆனால் நேரம் குறைந்தால் கையில் கிடைக்கும் கேஸும் குறையும். அதனால் ஆறு வருஷப் பயிற்சியை எட்டாக்கலாம் என்று ஒரு கமிட்டி கிளம்பியது. தேவையே இல்லை என்று நான் ஒருவன் மல்லுக்கு நின்றேன். ஆறு வருஷத்திலேயே ஓர் ஆளை உருவாக்கிக் காட்டுகிறேன் என்று சவாலும் விட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்த ஆள் என்னுடைய பயிற்சி டாக்டர். குருவி என்று கூப்பிடுவோம், தங்கமான பெண். தேறுவதற்கு நாற்பது பித்தப்பை ஆபரேஷன்களைத் தனியாகச் செய்திருக்க வேண்டும். பெரிய டாக்டர் கை வைத்துவிட்டால் அந்தக் கேஸ் அவள் பெயரில் சேராது. ஆறாம் வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது இருபத்தெட்டுதான் ஆகியிருந்தது.

ஆகவே பித்தப்பையில் கல்லே இல்லாத பதினொரு பேருக்குக் கல் இருப்பதாக ஸ்கேன் அறிக்கையைத் திருத்தினேன். பித்தப்பை இல்லாமலும் மனிதர் ஜம்மென்று வாழலாம். அத்தனை பேரும் நன்றி சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

கடைசி வாரம் ஒன்று குறைந்தது. அப்போது பார்த்து என் மனைவிக்கு வயிற்று உப்பசம்.

"ஏங்க, இது வெறும் வாயுங்க. சுடுதண்ணி குடிச்சா போயிடும்."

"டாக்டர் நீயா, நானா?"

சிரித்துவிட்டாள். "சரி சாமி. ஆனா ஒரு வாரம் சமையல் உங்க பொறுப்பு."

சொந்தக்காரர்களுக்கு ஆபரேஷன் செய்யக்கூடாது என்பார்கள். செய்யப்போவது குருவிதானே.

பாதியில் ஒரு ரத்தக்குழாய் அறுந்தது.

"சார், ரத்தத்துல ஒண்ணுமே தெரியல சார். நீங்க வாங்க சார்."

"உன்னால முடியும்மா. நிதானமா பிடி."

கைகளை மார்போடு கட்டிக்கொண்டேன். மயக்க மருந்து டாக்டர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒன்பதாவது நிமிடம் குருவி பிடித்துவிட்டாள், யார் உதவியும் இல்லாமல். அதற்குள் என் மனைவி போய்விட்டாள்.

அவளை நினைக்காத நாளில்லை. குருவி மேல் தப்பே இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு வருஷம் படித்திருக்க வேண்டும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் கை வைத்திருந்தால் அரை நிமிடத்தில் ரத்தம் நின்றிருக்கும், என் மனைவியும் பிழைத்திருப்பாள். ஆனால் வைத்திருந்தால் முப்பத்தொன்பதுதானே ஐயா.