தொட்டி அடைப்பவனுக்குச் சோறு

மீன் ஆணத்தில், நீங்கள் சொல்லும் குழம்பில், மாங்காயை எப்போது போடுவது என்பதில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. மீனுக்கு முன்னால் போட்டால் மாங்காய் குழைந்துவிடும். மீனுக்குப் பிறகு போட்டால் வேகாமல் பல்லில் நிற்கும். இரண்டையும் ஒரே கொதியில் போட வேண்டும். அதைச் சரியாகச் செய்கிறவர் பினாங்கில் ஒரே ஒருவர்தான் இருந்தார். இப்போது அவரும் கடலுக்கு அந்தப் பக்கம் அச்சேயில் இருக்கிறார்.

சிரிக்காதீர்கள், ஆர்தர் கிராணி. துறைமுகத் துரை உங்களைக் கேட்டு எழுதிவரச் சொன்னது தண்ணீர்த் தொட்டியைப் பற்றி என்று எனக்குத் தெரியும். தொட்டிக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். நோன்பு வாயோடு சாப்பாட்டைப் பற்றிப் பேச எனக்கு மட்டும் ஆசையா என்ன? ஆணத்தை விட்டுவிட்டுத் தொட்டிக்கு வர வழி இல்லை.

என் பெயர் சுல்தான் கனி. படகுக்காரத் தெருவில் ஈயப் பட்டறை வைத்திருக்கிறேன். சுல்தான் என்ற பெயருக்கு என் ராஜ்யம் அவ்வளவுதான்: ஓர் உலை, ஒரு பட்டடை, உட்கார்ந்தால் முனகும் ஒரு முக்காலி. வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. அதை என் குறையாக எழுத வேண்டாம். பினாங்குப் பெண்களின் அதிர்ஷ்டம் என்று எழுதிக்கொள்ளலாம்.

தொட்டி இருந்தது அப்துல் ரசாக் நாகுதாவின் பாய்மரப் படகில். ‘ஹமீதா’ என்று பெயர். படகின் சொந்தக்காரரும் அவர்தான், ஓட்டுபவரும் அவர்தான். இந்த 1926-லும் இயந்திரத்தை நம்பாமல் காற்றை நம்பி அச்சேக்கு அரிசி கொண்டுபோய் மிளகு கொண்டுவருகிற மனிதர். முன்பெல்லாம் மரப்பீப்பாயில்தான் குடிதண்ணீர் வைத்திருந்தார். போன வருஷம் உடைத்துப்போட்ட ஏதோ ஒரு கப்பலிலிருந்து நூறு கேலன் இரும்புத் தொட்டி ஒன்றை வாங்கி வந்து படகின் வயிற்றில் இறக்கினார். ‘இனி தண்ணீருக்குக் கவலையில்லை’ என்றார். இரண்டு மாதத்தில் தகடுகள் சேரும் அடித்தையல் துருப்பிடித்து ஒழுகியது. என்னைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு, துரைக்கு அதை விளங்கச் சொல்லுங்கள். படகில் வேறு எந்த வேலை செய்தாலும் கூலி வாங்குவோம். குடிதண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் வாங்க மாட்டோம். தண்ணீருக்குக் கூலி வாங்கினால் கை விளங்காது என்பார்கள். அதற்குப் பதில், தொட்டி ஒழுகாமல் நிற்கத் தொடங்கும் நாள்வரை படகுக்காரர் வீட்டிலிருந்து அடைப்பவனுக்கு மதியச் சோறு வரும். வேலை எப்போது முடியும் என்று அவன் சொல்வதுதான் கணக்கு.

இதில் எங்கே கோளாறு வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் முன்னோர்களுக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு வந்த சோறு ருசியாக இருந்திருக்காது.

ரசாக் நாகுதா வீட்டில் சமைத்தது அவர் தங்கை சித்தி ஆயிஷா. கணவரை இழந்து ஆறு வருஷமாக அண்ணன் வீட்டில் இருந்தவர். சோற்றை அடுக்குச் சட்டியில் படகுக்குக் கொண்டுவந்தது கலாசி அய்யாக்கண்ணு. படகில் பாய் இழுப்பதும், டீ போடுவதும், எல்லாரையும் கேலி செய்வதும் அவன் வேலை. மூன்றாவதைத்தான் ஒழுங்காகச் செய்வான். கொண்டுவரும் சோற்றில் மேல் அடுக்கிலிருந்து ஒரு துண்டு எப்போதும் குறையும்.

“அண்ணே, பொரிச்ச மீன் நாலு வச்சாங்க. மூணுதான் இருக்கு. ஒண்ணு வழியில நீந்திப் போயிருச்சு.”

“பொரித்த மீன் எப்படி நீந்தும்?”

“அதான் அண்ணே எனக்கும் ஆச்சரியம்.”

முதல் தடவை நான் ஒழுங்காகத்தான் வேலை செய்தேன். தொட்டிக்குள் இறங்கித் துருவைச் சுரண்டி, ஆணிகளை மாற்றி, தையலுக்கு ஈயம் ஊற்றி, உள்ளே சிமெண்டுப் பால் பூசினேன். பிறகு தண்ணீர் நிரப்பி, வெளிப்பக்கம் முழுதும் காய்ந்த சுண்ணாம்புத் தூளைத் தூவி, ஒரு நாள் விட்டுப் பார்ப்போம். கசிந்தால் தூள் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு புள்ளி நனையவில்லை. எட்டு நாள் சோறு. ஒன்பதாம் நாள் பட்டறையில் உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைக் கடித்தேன். ரொட்டியின் மேல் எனக்குக் கோபமில்லை. அதற்கு என் மேல் இருந்திருக்கலாம்.

இரண்டாம் தடவை ஒழுகியது துருவினால். அதில் என் கை இல்லை. அப்போதுதான் நாகுதா படகின் ஓரத்தில் உட்கார்ந்து சந்தோஷமாகச் சொன்னார்:

“சுல்தான், இத மட்டும் சரியா அடைச்சுக் கொடுத்துரு. ஆயிஷாவ அச்சேக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க மிளகு யாவாரி இப்ராஹிம், நல்ல மனுஷன், நிக்காஹ்வுக்குச் சம்மதிச்சிருக்காரு. நோன்புக்கு முன்னால முடிச்சுரணும்.”

“நல்ல சங்கதி, நாகுதா நானா” என்றேன். நிஜமாகவே நல்ல சங்கதி. அன்று மதியம் மாங்காய் போட்ட மீன் ஆணம். அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, கை கழுவி, தொட்டியின் அடித்தையலில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். பெரிய தட்டு இல்லை. கதவைத் தட்டுகிற மாதிரி.

மறுநாள் காலையில் சுண்ணாம்புத் தூள் நனைந்திருந்தது. நாகுதா தலையில் கைவைத்தார். நானும் வைத்தேன்.

அப்படி மூன்று தடவை. கார்த்திகை போனது, மார்கழி போனது. ஒவ்வொரு தடவையும் சோறு இன்னும் நன்றாக வந்தது, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதலில் ஆணமும் சோறும். பிறகு முட்டை சேர்ந்தது. பிறகு நெய்ச்சோறு. தை மாதம் கோழி. ஒருநாள் நாகுதாவிடம் சாவி வாங்க வீட்டுக்குப் போனபோது திரைக்குப் பின்னாலிருந்து சித்தி ஆயிஷாவே கேட்டார்:

“காக்கா, தொட்டி எப்ப முடியும்?”

“இந்தா, முடியப் போகுது.”

“நாளைக்கி என்ன ஆக்கி அனுப்பட்டும்? சொல்லுங்க. என்ன ஆக்கினா சுருக்கா முடியும்?”

இரண்டு நாள் அந்தக் கேள்வியிலேயே மிதந்தேன். ஒரு பெண் ஒரு ஆணிடம் ‘உனக்கு என்ன பிடிக்கும்’ என்று வேறு எப்படிக் கேட்பாள்? ‘சுருக்கா’ என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘காக்கா’ என்பதையும்தான். அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவது மரியாதைக்கு.

அய்யாக்கண்ணு மட்டும் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான்.

“அண்ணே, தொட்டிக்கு நோவு இல்ல. உங்களுக்குத்தான் நோவு. நாகுதாகிட்ட நேராக் கேட்டுற வேண்டியதுதானே லா?”

“கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்.”

“சொல்லட்டுமே. சோறாவது செமிக்கும்.”

நான் கேட்கவில்லை. கேட்காதவரை யாரும் என்னிடம் இல்லை என்று சொல்லவில்லை அல்லவா? அந்த ஒரு ஆதாயத்தை விட மனம் வரவில்லை. கேட்பதைவிட இரும்பில் ஓட்டை போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. தொழில் அப்படி.

மாசி பிறந்ததும் நாகுதாவின் பொறுமை தீர்ந்தது. “நோன்புக்கு இன்னும் மூணு வாரம். காத்தும் போயிரும். நாளைக்கு நிக்கலன்னா எதிர் வரிசைச் சீனன் வந்து பாக்கட்டும்” என்றார். சீனத் தகரக்காரர் நல்ல வேலைக்காரர். துரு தின்ற ஓட்டைக்கு ஓரம் பல்லுப் பல்லாக இருக்கும். உளி போட்ட ஓட்டை வட்டமாக இருக்கும். அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

ஆகவே தொட்டி நிற்க வேண்டும், படகும் திரும்பி வர வேண்டும். யோசித்தேன். ஓட்டையில் துணி துவைக்கிற மஞ்சள் சவுக்காரத்தைப் பிசைந்து அடைத்து, வெளியே செஞ்சாயம் பூசினேன். கப்பல்காரர்கள் அவசரத்துக்குச் செய்வதுதான். ஒன்றரை நாள் கல்லாக நிற்கும், பிறகு கரையத் தொடங்கும். சுண்ணாம்புத் தூள் நனையவில்லை. நாகுதா என்னைக் கட்டிப்பிடித்தார்.

கணக்கு சரியாகத்தான் போட்டேன், கிராணி. அச்சேக்கு நாலு நாள் ஓட்டம். நாகுதா தினமும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தொட்டியின் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டு மட்டம் பார்ப்பார். பாதிக்குக் கீழே போனால் எந்த இடமாக இருந்தாலும் படகைத் திருப்பிவிடுவார். இரண்டாம் நாள் பார்ப்பார், மட்டம் குறைந்திருக்கும், பாதித் தண்ணீரோடு திரும்பிவிடுவார்கள். நோன்பு வந்துவிடும். நிக்காஹ் தள்ளிப்போகும். சோறு வரும். யாருக்கும் ஒரு சேதமில்லை.

புறப்படும் அன்று சீர்ச் சாமான்கள் வந்தன. பித்தளைப் பானைகள், மெத்தை, துணிப்பெட்டிகள். நானும் கூடமாட ஏற்றினேன். பெரிய பெட்டிக்கு இடமில்லை. “தொட்டி மேல வச்சிரு சுல்தான், உன் தொட்டிதான் இனி அசையாதே” என்றார் நாகுதா. மூடியின் மேல் வைத்தேன். நல்ல கனம். சீலைகள் போலும். மற்றப் பெட்டிகள் தொட்டியைச் சுற்றி நின்றன. தண்ணீர் பிடிக்கிற குழாய் மட்டும் வெளியே தெரிந்தது.

மூடி திறக்காமல் குச்சி இறங்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கரையில் நின்று கை அசைத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

மீதி நாகுதாவின் கடிதத்தில் இருக்கிறது, நீங்களும் படித்தீர்கள். இரண்டாம் நாள் டீயில் நுரை வந்ததாம். “நாகுதா, தண்ணி சோப்புப் போட்டுக் குளிச்சிருக்கு” என்று அய்யாக்கண்ணு சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். அவன் சொன்னால் சிரிப்பதுதானே வழக்கம். மரப்படகின் அடியில் தண்ணீர் ஊறும், தினமும் இறைத்துக் கடலில் ஊற்றுவார்கள். அவர்கள் இறைத்து ஊற்றியது குடிதண்ணீரை. மூன்றாம் நாள் காற்று நின்றது. நாலாம் நாள் குழாயில் காற்று வந்தது.

ஐந்து பேர், பன்னிரண்டு இளநீர், ஐந்து நாள். அய்யாக்கண்ணு தன் பங்கை சித்தி ஆயிஷாவிடம் கொடுத்தானாம். “டீ ரொம்பக் குடிச்சிட்டேன்மா, தாகமே இல்ல.” கடைசி நாள் யாரும் பார்க்காதபோது கடல் தண்ணீரைக் குடித்திருக்கிறான். ஒன்பதாம் நாள் தேடி வந்த படகு எட்டியபோது நாலு பேர்தான் இருந்தார்கள். தேடி வந்தவர் மிளகு வியாபாரி இப்ராஹிம். நாகுதா சொன்னபடியே நல்ல மனுஷன். நோன்புக்கு மூன்று நாள் முன்னால் நிக்காஹ் முடிந்தது.

நாகுதா என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. ‘பழைய தொட்டி, துரு தின்றுவிட்டது, சுல்தான் தன்னால் ஆனதைச் செய்தான்’ என்றுதான் எழுதியிருக்கிறார். நீங்களும் அதையே எழுதி என் கையெழுத்தை வாங்கத்தான் கூப்பிட்டீர்கள். போட்டிருப்பேன். முந்தாநாள் கப்பலில் ஒரு பொட்டலம் வராமல் இருந்திருந்தால்.

சித்தி ஆயிஷா அனுப்பியது. தொட்டி நிற்கவில்லையே, அப்படியானால் வேலை முடியவில்லை, வழக்கப்படி எனக்குச் சோறு பாக்கி என்று நினைத்திருக்கிறார். சோறு கப்பலில் கெட்டுப்போகும் என்று தொதல் என்ற இனிப்பைக் கிண்டித் துண்டு போட்டு, வாழை இலையில் கட்டி அனுப்பியிருந்தார். பிரித்துப் பார்த்தேன். வரிசை வரிசையாக இருபது துண்டு. மேல் வரிசையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

இத்தனை மாதத்தில் அவர் கையிலிருந்து எனக்கு முழுதாக வந்து சேர்ந்தது அது ஒன்றுதான்.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். துரு இல்லை. ஓட்டை நான் போட்டது, சவுக்காரம் நான் வைத்தது, பெட்டியைத் தூக்கி மூடிமேல் வைத்ததும் நான். ஓட்டை வட்டமாக இருக்கும், சீனத் தகரக்காரரைக் கேட்டால் சொல்வார். அய்யாக்கண்ணுவின் துண்டை ஒரு தட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், பட்டறையில் இருக்கிறது, எறும்பு ஏறாமல் யாராவது பார்த்துக்கொண்டால் நல்லது. மீதிப் பத்தொன்பதையும் நோன்பு திறந்ததும் சாப்பிட்டுவிட்டேன். ருசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது, கிராணி. என் மேல் அக்கறை இல்லாமல் யாரும் அப்படிக் கிண்ட மாட்டார்கள்.